வாங்கியவனா, குத்தகைக்காரனா?

சந்தையில் மாடு வாங்குகிறான் குடியானவன். பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறான், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கயிற்றைக் கைமாற்றிக் கொள்கிறான். கயிறு கைமாறியதும் மாடும் கைமாறிவிட்டது. ஏரில் பூட்டுவதா, வண்டியில் பூட்டுவதா, நோய் கண்டால் எந்த வைத்தியனிடம் காட்டுவது என்பதெல்லாம் இனி வாங்கியவன் விருப்பம். விற்றவன் நடுநிசியில் தொழுவத்துக்குள் நுழைந்து, "இந்த மாட்டுக்கு நான் சொல்லும் கடையில்தான் தவிடு வாங்க வேண்டும், இல்லையேல் மாடு எழுந்து நிற்காது" என்று சொன்னால் ஊர் என்ன செய்யும்? மரத்தில் கட்டி வைத்துக் கேட்கும்.

காசு கொடுத்தவனுக்குப் பொருள் சொந்தம். நேற்று இன்று வந்த நியாயமல்ல இது. படிக்காதவனும் அறிந்த நியாயம். அந்த நியாயத்தைத்தான் இன்று கடைத்தெருவில், பட்டப்பகலில், பறித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கூறுகிறோம்.

கட்டடத் தொழிலாளத் தோழர் ஒருவர் அண்மையில் நம்மைப் பார்க்க வந்தார். கைப்பேசியை எடுத்து மேசைமீது வைத்தார். தவணையில் வாங்கியது. மழைக்காலம்; வேலை இல்லை; இரண்டு தவணை பாக்கி. ஒருநாள் காலை பார்த்தால் திரை பூட்டிக் கிடக்கிறது. மேஸ்திரி கூப்பிட்டால் எடுக்க முடியவில்லை. கூலி வந்து சேர்ந்ததா என்று பார்க்க முடியவில்லை. வேலை தேடக்கூட வழியில்லை. தோழர் கேட்டார்: "பாக்கி இருக்கு, இல்லேங்கல. ஆனா என் கையில இருக்கிற பொருளை எங்கேயோ இருக்கிறவன் எப்படிப் பூட்டினான் தோழர்? அப்படின்னா இது என் போன்தானா?"

கடன் வாங்கியவன் கட்ட வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சம்பாதிக்கும் கருவியையே பூட்டிவிட்டு, "சம்பாதித்துக் கட்டு" என்பது கைவிலங்கு மாட்டிவிட்டு மண் வெட்டச் சொல்வது போன்றதாகும். கடன் கொடுத்தவர்கள் இப்படிப் பூட்டும் பழக்கத்தை 2024-ல் ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொன்னது. 2025-ல் மறுபடியும் அதற்கு வழிவிடலாமா என்ற ஆலோசனை நடப்பதாகச் செய்திகள் வந்தன. விழிப்போடிருக்க வேண்டும்.

ஆயினும் தோழர் கேட்ட கேள்வி கடனைவிடப் பெரியது. பாக்கிக்காரன் பொருளில் மட்டும்தானா அந்தப் பூட்டு இருக்கிறது? முழு விலையையும் ரொக்கமாக எண்ணி வைத்தவன் பொருளிலும் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள்

அன்று சைக்கிள் வாங்கினால் இரும்பும் ரப்பரும்தான் வாங்கினோம். ரேடியோ வாங்கினால் வால்வும் கம்பியும் வாங்கினோம். கழற்றிப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இன்று கைப்பேசி, டெலிவிஷன், பிரிண்டர், கார், டிராக்டர் எதை வாங்கினாலும் இரும்போடு கூட மென்பொருளும் உள்ளே வருகிறது. மென்பொருள் என்றால் மந்திரமல்ல. 'இது நடந்தால் இதைச் செய்' என்று இயந்திரத்துக்கு எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பு. அவ்வளவே. எழுதியவன் கம்பெனிக்காரன். கட்டளையை நடுவில் மாற்ற வல்லவனும் அவனே. இணையத்தின் வழியாக, நம் வீட்டு வாசற்படியை மிதிக்காமலே மாற்றிவிடுவான்.

இங்கேதான் செப்பிடு வித்தை நடக்கிறது. "இரும்பு உன்னுடையது, உள்ளே இருக்கும் எழுத்து என்னுடையது. அதற்குப் பதிப்புரிமை உண்டு. அதை உனக்கு நான் விற்கவில்லை, பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டுமே தந்திருக்கிறேன்" என்கிறது கம்பெனி. எங்கே சொன்னது? பொருளை முதன்முதலாக இயக்கும்போது திரையில் ஓடுகிறதே பக்கம் பக்கமாக ஒரு பத்திரம், அதில் சொன்னது. கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தாவிட்டால் பொருள் வேலை செய்யாது. பணமோ முன்பே கொடுத்தாகிவிட்டது! வட்டிக்கடைக்காரன் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிய காலத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

எழுத்து இல்லாமல் இரும்பு அசையாது. எனவே எழுத்துக்குச் சொந்தக்காரன் எவனோ, அவனே பொருளுக்கும் சொந்தக்காரன். வாங்கியவன் குத்தகைக்காரன்.

காணாமற்போன புத்தகம்

வீண் வாதம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நடந்ததைச் சொல்கிறோம்.

2009 ஜூலையில் அமெரிக்க நாட்டில் நடந்தது இது. அமேசான் கம்பெனி விற்கும் 'கிண்டில்' என்ற படிப்புக் கருவியில் பலர் ஒரு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். ஒருநாள் பார்த்தால் புத்தகம் இல்லை! அந்தப் பதிப்பை விற்றவனுக்கு விற்கும் உரிமை இல்லை என்று பின்னர்தான் கம்பெனிக்குத் தெரிந்ததாம். உடனே வாங்கியவர்களின் கருவிக்குள் தொலைவிலிருந்தே கைவிட்டு எடுத்துக்கொண்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாம். ஆகா, என்னே நேர்மை! கடைக்காரன் நம் வீட்டுப் பூட்டைத் திறந்து, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மேசைமேல் சில்லறையை வைத்துவிட்டுப் போனால் அதற்கு என்ன பெயர்?

அது என்ன புத்தகம் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. வேண்டாத ஏடுகளையெல்லாம் தடயமின்றி அழித்துவிடும் ஓர் ஆட்சியைப் பற்றிய கதை. ஆர்வெலின் அரசியலோடு நமக்கு உடன்பாடு உண்டா என்பது வேறு விஷயம். அந்தப் புத்தகத்துக்கே அந்தக் கதி நேர்ந்ததை என்னவென்பது!

மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி மாணவன் ஒருவன் பாடத்துக்காக அதில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தான். புத்தகம் போனதும் அவன் உழைப்பும் பயனற்றுப் போயிற்று. வழக்குத் தொடுத்தான். கம்பெனித் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வழக்கு 1,50,000 டாலரில் முடிந்தது. ஆனால் அந்தக் கை திரும்பிப் போய்விட்டதா? இல்லை. வாங்கிய மின்னூலைத் தன் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள வாசகனுக்கு இருந்த வழியை 2025 பிப்ரவரி 26 அன்று அதே கம்பெனி அடைத்துவிட்டது.

கலிஃபோர்னியா மாநிலம் 2024-ல் ஒரு சட்டம் இயற்றியது. இப்படி அனுமதி மட்டும் தரும் சரக்குக்கு 'வாங்கு' என்று பொத்தான் வைத்தால், இது உண்மையில் விற்பனையல்ல என்று வாடிக்கையாளனுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சட்டம். 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளிகளின் சொர்க்கம் என்று சொல்லப்படும் நாட்டிலேயே, 'வாங்கு' என்ற சொல் பொய்யாகிவிட்டது என்று சட்டமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது!

டிராக்டரும் நூலகத் தலைவரும்

புத்தகம் போனால் போகட்டும் என்பவர் உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு வருவோம்.

ஜான் டியர் என்பது உலகறிந்த டிராக்டர் கம்பெனி. அறுவடை நேரத்தில் அதன் இயந்திரம் நின்றுவிட்டால் அமெரிக்கக் குடியானவன் என்ன செய்வான்? ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன்தான். புது உதிரிப் பாகத்தை மாட்டிவிடுவான். ஆனால் மாட்டிய பாகத்தை உள்ளே இருக்கும் மென்பொருள் ஏற்றுக்கொள்ள வேண்டுமே! அதை ஏற்கச் செய்யும் கருவி நெடுங்காலம் கம்பெனியின் ஏஜெண்டிடம் மட்டுமே இருந்தது. ஏஜெண்டு வரும்வரை கதிர் காத்திருக்குமா? மழை காத்திருக்குமா?

இப்படிப் பூட்டை வைத்தது கம்பெனி. பூட்டுக்குக் காவல் வைத்தது சட்டம். 1998-ல் அமெரிக்கா ஒரு பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. சினிமாவும் பாட்டும் திருடுபோகாமல் காப்பதற்கு என்றார்கள். அதில் ஒரு விதி: பதிப்புரிமையைக் காக்கும் மின்னணுப் பூட்டைத் திறப்பதே குற்றம். திறந்து திருடினாயா, பழுது பார்த்தாயா என்பது கேள்வியில்லை. இலாபத்துக்காக வேண்டுமென்றே திறந்தால் ஐந்தாண்டுச் சிறைவரை உண்டு. சினிமாவுக்குப் போட்ட வேலி டிராக்டரைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

விதிவிலக்கு வேண்டுமா? மூன்றாண்டுக்கு ஒருமுறை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவரிடம் மனுப்போட வேண்டும். ஆம், நூலகத்தின் தலைவரிடம்தான்! தன் காசில் வாங்கிய டிராக்டரைத் தன் கையால் ரிப்பேர் செய்யக் குடியானவன் நூலகத்துக்கு மனுப்போட வேண்டிய கூத்து வேறெங்கே நடக்கும்? 2015-ல் அந்த மனு விசாரணைக்கு வந்தபோது கம்பெனி என்ன வாதாடிற்று? வாகனத்தை வாங்கியவனுக்கு, வாகனம் இருக்கும்வரை அதை ஓட்டிக்கொள்ள உள்ளடங்கிய ஓர் அனுமதி கிடைக்கிறது என்று வாதாடிற்று. உடைமை இல்லையாம், அனுமதியாம்! விதிவிலக்கு கிடைத்தது என்பது உண்மை. ஆனால் பூட்டைத் திறக்கும் கருவியைச் செய்து விற்பதற்குள்ள தடை அப்படியே நின்றது. சாப்பிடலாம், ஆனால் அடுப்பு விற்கக்கூடாது என்பது போல.

குடியானவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் சங்கமாகக் குரல் எழுப்பினார்கள். 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கென்றே பழுதுநீக்கும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே ஜான் டியர்மீது வழக்குத் தொடுத்தது. போராடினால் சட்டம் அசையும் என்பதற்கு இது சான்று.

பூட்டு எல்லாவிடத்திலும் ஒன்றுதான். 2016 செப்டம்பரில் எச்.பி. கம்பெனியின் பிரிண்டர்கள் பல நாடுகளில் ஒரே நாளில், வேறு கம்பெனி மை டப்பாவை ஏற்க மறுத்தன. முந்தின நாள்வரை வேலை செய்த அதே டப்பா! கூச்சல் எழுந்ததும் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி, பழைய கைப்பேசிகளின் வேகத்தை மென்பொருள் மூலம் தானே குறைத்ததை ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த போன் திடீரென்று அணைந்து போகாமலிருக்கவே செய்தோம் என்றது. இருக்கட்டும். பேட்டரியை மாற்றினால் போதும் என்று வாங்கியவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லாததற்கு விலை, 2020-ல் 50 கோடி டாலர்வரை கொடுக்க இணங்கிய சமரசம்.

நாம் பார்க்கும் பெட்டி நம்மைப் பார்க்கிறது

பூட்டுவதற்காக உள்ளே உட்கார்ந்த ஆள், சும்மா உட்கார்ந்திருப்பானா? வேவும் பார்க்கிறான்.

விசியோ என்ற அமெரிக்க டெலிவிஷன் கம்பெனி, வீடுகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி திரட்டி விற்றது. 1 கோடியே 10 இலட்சம் பெட்டிகள் இப்படி வேவு பார்த்தன. பார்த்தவர்களுக்குத் தெரியாது, சம்மதம் கேட்கவில்லை. 2017 பிப்ரவரியில் வழக்கு முடிந்தபோது கம்பெனி கட்டியது 22 இலட்சம் டாலர். கணக்குப் பாருங்கள்: பெட்டிக்கு 20 செண்டு. மனிதனின் அந்தரங்கம் அவ்வளவு மலிவு!

"நமக்கு மறைக்க என்ன இருக்கிறது? கஞ்சி குடிப்பவனை வேவு பார்த்து யாருக்கு என்ன இலாபம்?" என்று தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். இதுதான் பெரிய ஏமாளித்தனம். ஆலையில் சங்கம் தொடங்குகிறவனுக்கு மறைக்க எதுவும் இல்லையா? யார் யார் சந்தா கட்டினார்கள், இரவில் எந்த வீட்டில் கூடிப் பேசினார்கள், வேலைநிறுத்தத்துக்கு யார் கை தூக்கினார்கள் என்பதை அறிய, அன்று முதலாளி கங்காணிக்குக் காசு கொடுத்தான். இன்று கங்காணியை நாமே காசு கொடுத்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞனைக் கேளுங்கள். எந்தத் தெருவில் நின்றான், எத்தனை நிமிடம் நின்றான் என்று அவன் கைப்பேசிச் செயலி கணக்கு வைக்கிறது. அவனுக்கு மேஸ்திரியே அதுதான்.

அந்தரங்கம் சீமான்களின் சொத்தல்ல. 2017 ஆகஸ்ட் 24 அன்று நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பிறகு 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிறோம் என்றார்கள், நல்லது. ஆனால் அதன் 17-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற காரணங்களைச் சொல்லி, தான் விரும்பும் அரசு அமைப்புக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. வேலி போட்டவனே தனக்கு மட்டும் ஒரு திட்டிவாசல் வைத்துக்கொண்டான்.

எழுத்தாளன் பிழைக்க வேண்டாமா?

எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நம் வழக்கமல்ல. "பூட்டு இல்லாவிட்டால் பாட்டையும் படத்தையும் திருடிவிடுவார்களே, எழுதியவனும் பாடியவனும் எப்படிப் பிழைப்பது?" என்கிறார்கள்.

நியாயமான கேள்வி. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்பதே நம் கொள்கை. அது பேனா பிடித்தவனுக்கும் பொருந்தும். திருட்டுப் பிரதி விற்றுப் பணக்காரனாகிறவனை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? எழுத்தாளனிடமா? இல்லை, கம்பெனியிடம். மை டப்பாவில் எந்தக் கவிஞனின் கூலி அடங்கியிருக்கிறது? டிராக்டரில் எந்தப் பாடகனின் வயிற்றுப்பாடு இருக்கிறது? கலைஞன் பெயரைச் சொல்லிக் கதவைத் திறந்து, உள்ளே நுழைந்தவன் வியாபாரி.

காலக்கெடுவும் அப்படித்தான். படைத்தவன் வாழும்வரை உரிமை இருக்கட்டும்; பிள்ளை குட்டிகளுக்கும் சிறிது காலம் இருக்கட்டும். பிறகு அது ஊர்ச்சொத்து. நம் நாட்டில் படைத்தவன் மறைந்து 50 ஆண்டு என்றிருந்தது. தாகூரின் நூல்கள் 1991 முடிவில் பொதுவாக வேண்டிய நேரத்தில் 60 ஆண்டு என்று நீட்டினார்கள். அமெரிக்காவிலோ 1998-ல் 70 ஆண்டு என்று ஆக்கினார்கள். 1928-ல் திரையில் தோன்றிய மிக்கி மவுஸ் எலி 2024 ஜனவரி 1 அன்றுதான் வளையைவிட்டுப் பொதுவெளிக்கு வந்தது!

நம் வழி எது என்பதைத் தமிழகம் முன்பே காட்டியிருக்கிறது. பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை ஒருகாலத்தில் தனியார் கையில் இருந்தது. 1948-ல் வந்த 'பில்ஹணன்' படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டைச் சேர்த்தபோது அது வழக்காயிற்று. 'பாரதி யாருக்குச் சொந்தம்?' என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. உரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பன் அதை அரசிடம் ஒப்படைத்தார். 1949-ல் ஓமந்தூரார் தலைமையிலிருந்த சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளை ஏற்றது. பின்னர் அவை மக்கள் சொத்தாயின. அதனால் பாரதி அழிந்தானா? வீட்டுக்கு வீடு வாழ்ந்தான்!

அடுத்த வாதம்: "தெரியாதவன் கைவைத்தால் ஆபத்து." ஆபத்தான வேலைக்குப் பயிற்சி கொடு; சான்று கொடு; யார் வேண்டாம் என்றது? மின்சாரம் ஆபத்து என்பதற்காக மின்சாரக் கம்பெனிதான் பல்பு மாட்ட வேண்டும் என்று யாராவது சொன்னதுண்டா? சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கம்பெனி 'இனி உதவாது' என்று கைவிட்ட பலகையில், பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசிமுனைச் சூட்டுக்கோலால் உயிர் கொடுக்கிறார்கள் நம் இளைஞர்கள். பலர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள். அவர்களுக்கு வரைபடம் தருவதில்லை. உதிரிப் பாகம் தருவதில்லை. பிறகு அவர்களைப் பார்த்தே 'தெரியாதவன்' என்பதா?

குத்தகைக்காரனைவிடக் கீழே

இயந்திரத்தை வெறுப்பவர்களல்ல நாம். கணினியும் கைப்பேசியும் உழைப்பாளியின் வீட்டுக்கு வரட்டும், வந்தே தீரவேண்டும். பூட்டில்லாத மென்பொருளும் உலகில் உண்டு. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற மென்பொருளுக்காக இயக்கம் தொடங்கினார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' எழுதினார். ஆயிரமாயிரம் பேர் கைசேர்த்து வளர்த்த அந்த உழைப்பின்மீதுதான் இன்று பெரும் கம்பெனிகளின் கணினிகளே ஓடுகின்றன. கேரளத்து அரசுப் பள்ளிகள் அதையே ஏற்றுப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கின்றன. கூட்டு உழைப்பு பயன்தராது என்பவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

ஆகவே சண்டை இயந்திரத்தோடு அல்ல. உடைமை யாருக்கு என்பதில்தான். நாம் வாங்கியவனைக் குத்தகைக்காரன் என்றோம். யோசித்துப் பார்த்தால் அதுவும் தவறு. தஞ்சைக் குத்தகைக்காரனை மிராசுதார் நினைத்தபோது வெளியேற்றிய காலம் ஒன்றிருந்தது. உழுதவர்கள் எழுந்தார்கள், அடிபட்டார்கள், உயிர் கொடுத்தார்கள். 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் நினைத்தபோது வெளியேற்ற முடியவில்லை. இன்று கைப்பேசிக்கும் மின்னூலுக்கும் டிராக்டருக்கும் முழு விலை கொடுத்தவனுக்கு அந்தப் பாதுகாப்புக்கூட இல்லை! நோட்டீசு இல்லை, வாய்தா இல்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் வெளியேற்றம் முடிந்தது.

நாம் கேட்பது என்ன?

ஒன்று. பழுதுநீக்கும் உரிமைக்குச் சட்டம் வேண்டும். உதிரிப் பாகம், கருவி, வரைபடம் ஆகியவை நியாய விலையில் எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது. டிசம்பரில் இணையத்தளம் ஒன்றைத் திறந்து வைத்தது. இணையத்தளம் சட்டமாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இதற்கென்றே சட்டநெறி வகுத்துவிட்டது. நாம் ஏன் பின்தங்க வேண்டும்?

இரண்டு. விற்ற பொருளைத் தொலைவிலிருந்து பூட்டவோ, பறிக்கவோ, முடக்கவோ கூடாது. கடன் பாக்கி என்றால் சட்டப்படி வசூலிக்கட்டும். தொழிலாளியின் கைக்கருவியைத் தொடக்கூடாது.

மூன்று. நம் பதிப்புரிமைச் சட்டத்தை அமெரிக்க அச்சில் வார்க்க இடம் கொடுக்கக்கூடாது. 2012-ல் நம் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் திறந்தால்தான் குற்றம் என்கிறது. பழுது பார்ப்பவன் குற்றவாளியல்ல. இந்த நல்ல வேற்றுமையை வியாபார ஒப்பந்தப் பேச்சுகளில் விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டும்.

நான்கு. கேட்காமல் வேவு பார்க்கக்கூடாது. அது கம்பெனிக்கும் பொருந்த வேண்டும். அரசுக்கும் பொருந்த வேண்டும். 17-ஆம் பிரிவின் திட்டிவாசல் மூடப்பட வேண்டும்.

ஐந்து. மக்கள் வரிப்பணத்தில் அரசு எழுதி வாங்கும் மென்பொருள் மக்களுக்கே பொதுவாக இருக்க வேண்டும்.

தோழர்களே! இவை படித்தவர்கள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். உங்கள் கிளைக் கூட்டத்தில் ஒருநாள் இதைப் பேசுங்கள். ரிப்பேர்க் கடைத் தொழிலாளர்களையும், டிராக்டர் ஓட்டுகிறவர்களையும், உணவு சுமந்து ஓடும் இளைஞர்களையும் ஒன்றாக உட்கார வையுங்கள். மூவரையும் பூட்டியிருப்பது ஒரே பூட்டு என்பது அவர்களுக்கே விளங்கும். கடையில் புதுப்பொருள் வாங்கும்போது மூன்றே கேள்வி கேளுங்கள்: வேறு கடையில் பழுது பார்க்கலாமா? இணையம் இல்லாமல் வேலை செய்யுமா? கம்பெனி மூடினாலும் பொருள் ஓடுமா? கடைக்காரரால் பதில் சொல்ல முடியாது. பாவம், அவரும் அறியார். ஆனால் ஆயிரம் பேர் கேட்டால் கேள்வி கம்பெனிக்குப் போய்ச் சேரும். இலட்சம் பேர் கேட்டால் சட்டமன்றத்துக்குப் போய்ச் சேரும்.

அந்தக் கட்டடத் தொழிலாளத் தோழர் கைமாற்று வாங்கி இரண்டு தவணையையும் கட்டினார். திரை திறந்துகொண்டது. அதற்குள் மேஸ்திரி வேறு ஆளை வைத்துவிட்டார். பூட்டியவனுக்கு அதுபற்றிக் கவலையில்லை. நமக்கு இருக்கிறது.

உழுதவனுக்கு நிலம் என்று கேட்டோம். வாங்கியவனுக்குப் பொருள் என்றும் கேட்போம்.